வாசப்படிக்கு மணற்கல்லா, கருங்கல்லா? மலையில வீடு கட்டுறவங்க கல்லு வாங்குறதுக்கு முன்னாடி

கொஞ்ச நாளா ஒரே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து வந்துக்கிட்டு இருக்கு. பொகவந்தலாவ பக்கம் ஒரு அக்கா, 7 பேர்ச்சுல வீடு முடிச்சாச்சு, ரோட்டுல இருந்து வாசலுக்கு இறங்குற படிக்கும் இஸ்தோப்புக்கும் கல்லு போடணும், கொழும்புல ஒரு கடையில மஞ்ச கலர்ல மணற்கல் பலகைன்னு காட்டுனாங்க பாக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா எங்க மேசன் பாஸ் சொல்றாரு இதே கல்லு நம்ம ஆத்தோரத்துலயே கெடக்கு எதுக்கு வீணா காசு குடுக்குறீங்கன்னு, யாரு சொல்றத கேக்குறதுன்னு எழுதியிருந்தாங்க. பண்டாரவளையில இருந்து ஒரு தம்பிக்கு வேற குழப்பம், ஒரு கடையில மணற்கல்லுன்னு சொன்ன அதே மாதிரி கல்லு இன்னொரு கடையில குவார்ட்சைட்டுன்னு வேற வெலையில இருக்கு, ரெண்டும் ஒன்னுதானா அண்ணேன்னு கேட்டாரு. இதுக்கு நடுவுல ஹார்ட்வெயார் கடைக்காரங்க சீமெந்துலயே மணற்கல் மாதிரி அச்சு போட்ட பலகைய தூக்கி காட்டுறாங்க.

மணற்கல்லும் குவார்ட்சைட்டும் ஒன்னு இல்ல. பாஸ் சொல்றதும் அநேகமா சரியில்ல, ஆனா அவரு சொல்ற கல்லு மோசமானதுன்னும் அர்த்தம் இல்ல, அதுதான் இதுல வேடிக்க.

## மணற்கல்லுன்னா என்ன, ஏன் நம்ம பக்கம் இல்ல

மணல் படிஞ்சு, அதுக்கு மேல இன்னும் இன்னும் படிஞ்சு பாரம் ஏறி, இடையில ஊறுன தண்ணி கொண்டுவந்த ஏதோ ஒரு பசை இறுகி கல்லாச்சுன்னா அது மணற்கல். பள்ளிக்கூடத்துல அடையற்பாறைன்னு படிச்சோமே அந்த கூட்டம். மணலுக்கும் ஒரு அளவு வச்சிருக்காங்க, 0.06 மில்லிமீட்டர்ல இருந்து 2 மில்லிமீட்டர் வரைக்கும், அத விட நைசா இருந்தா வண்டல், களி, அதுல உண்டாகுற கல்லு வேற, பெருசா இருந்தா கூழாங்கல் சேந்த கட்டிப்பாறை. எள்ளுருண்டைய நெனச்சுக்கங்க, எள்ளு ஒவ்வொன்னும் தனியா தெரியும், பாகுதான் எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கும், பாகு நல்லா முறுகியிருந்தா பல்லு வலிக்கும், பதம் தப்பிருந்தா கையிலயே உதிந்துரும். மணற்கல்லுலயும் மணல் மணி பெரும்பாலும் குவார்ட்ஸ்ங்கற கனிமம், அதோட கடினம் பத்துக்கு 7, இரும்புக் கத்திய விட ஜாஸ்தி. ஆனா அந்த கல்லு ஒழைக்குமா ஒழைக்காதாங்கறத மணி சொல்லாது, பசைதான் சொல்லும்.

பசை நாலு வகையில வரும். சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் சத்து பசைன்னா கெட்டி, மழைக்கும் அசிட்டுக்கும் அசையாது. இரும்பு ஒக்சைட்டு பசைன்னா செவப்பு, மஞ்ச, காவி கலர் எல்லாம் வரும், பரவால்ல ரகம். சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சைட் பசைன்னா பாக்க நல்லா இருக்கும், அசிட்டு பட்டா நுரைக்கும், வருஷக்கணக்குல மழை தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். களிமண் பசைதான் மோசம், தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும், அப்பறம் தாள் தாளா உரியும். கடையில நீங்க பாக்குறது கலர மட்டும், கலர்ல இருந்து பசைய முழுசா கண்டுபுடிக்க முடியாது, செவப்பா இருக்கற கல்லுலயே களியும் கலந்திருக்கலாம்.

சரி, நம்ம ஆத்தோரத்துல ஏன் அது இல்ல? இலங்கையில பத்துல ஒன்பது பங்கு நெலம் பழைய உருமாறிய பாறை, மலைநாடு கிட்டத்தட்ட முழுக்க அதேதான். சுமார் 55, 60 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கு அடியில ஆழத்துல 800 பாகைக்கு மேல சூட்டுல வெந்து மேல வந்தது. அங்க ஒரு காலத்துல மணற்கல் இல்லாம இல்ல, இருந்த மணற்கல் எல்லாம் வெந்து குவார்ட்சைட்டா மாறிருச்சு, சேறா படிஞ்சது கார்னட் பொட்டு போட்ட கொண்டலைட்டா மாறிருச்சு, சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லா மாறிருச்சு. ஹோர்டன் சமவெளியில உலக முடிவுக்கு போனவங்க காலடியில மிதிச்சதும் இந்த கூட்டம்தான், கொண்டலைட்டும், சார்னோக்கைட்டுன்னு சொல்ற கருங்கல் ரகமும். நெஜமான மணற்கல் இலங்கையில பாக்கணும்னா புத்தளம் மாவட்டத்துல தப்போவ, ஆண்டிகம பக்கம் போகணும், ஜுராசிக் காலத்துது, எலை தழை பதிஞ்ச அச்சு எல்லாம் அதுல கெடச்சிருக்கு. தென்மேற்கு கடலோரத்துல அலை அடிக்கிற எடத்துல கல்சைட் பசையில இறுகுன கரைப்பாறை உண்டு. மலையில பாஸ் காட்டுற மஞ்சக் கல்லு பெரும்பாலும் ரெண்டுல ஒன்னு: மேல்தோலு இத்துப்போன கருங்கல்லு, இல்லாட்டி இத்து உதிர ஆரம்பிச்ச குவார்ட்சைட். ரெண்டாவது இருக்கு பாருங்க, அது கையில தேச்சா சீனி மாதிரி கொட்டும், நல்லா தெரிஞ்சவங்களே ஒரு நிமிஷம் தடுமாறுவாங்க.

இன்னொன்னும் சொல்லிட்டு போறேன். மகாவலி மணல்னு லொறியில கியூப் கணக்குல வாங்குறோமே, அது எங்க இருந்து வருது? நம்ம மலைக் கருங்கல்லு இத்து, அதுல இருக்கற பெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் களிமண்ணா போய், தகடு தகடா மின்னுற மைக்கா தண்ணியில மெதந்து போய், எதுக்கும் அசையாத குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சி ஆத்துல உருண்டு உருண்டு வர்றதுதான். திருகோணமலை பக்கம் கொட்டியாரக் குடாவுல போய் கொட்டுற மணல் அப்பிடியே பொதைஞ்சு இறுக கோடிக்கணக்கான வருஷம் விட்டா மணற்கல். ஆக கருங்கல், மணல், மணற்கல், குவார்ட்சைட் நாலும் ஒரே குடும்பத்துக்குள்ள சுத்தி வர்ற கதை, அதனாலதான் பாக்க ஒன்னுக்கொன்னு சாயல் இருக்கும், குணம் மட்டும் ஒட்டாது.

## எத வச்சு எட போடுறது

அழகு உங்க இஷ்டம், அத நான் சொல்ல வரல. மலையில வெளிய போடுற கல்லுக்கு நான் பாக்குறது இது:

- எவ்ளோ தண்ணி குடிக்குது. மத்ததெல்லாம் இதுல இருந்துதான் கெளம்புது, பாசி, கற, உரியுறது எல்லாம்.
- நனைஞ்சா வழுக்குமா.
- அசிட்டுக்கும் கழுவுற மருந்துக்கும் தாங்குமா, அதாவது பசையோ கல்லோ சுண்ணாம்புச் சத்தா.
- வீடு வந்து சேந்து, வெட்டி, பதிச்சு முடிய மொத்தம் எவ்ளோ ஆகும், கடையில போட்டிருக்கற சதுர அடி வெல இல்ல.
- அஞ்சு வருஷம் கழிச்சு ஒன்னு ஒடஞ்சா அதே மாதிரி இன்னொன்னு கெடைக்குமா.

மழை எல்லா எடத்துலயும் ஒரே அளவு இல்லங்கறத மறந்துராதீங்க. டெல்லி செங்கோட்டை மணற்கல்லுதான், நூத்துக்கணக்கான வருஷமா நிக்குதுன்னு கடைக்காரங்க சொல்வாங்க, நெஜம்தான், ஆனா டெல்லியில வருஷ மழை சராசரி 800 மில்லிமீட்டரத் தொடாது, நம்ம வட்டவளையில 5000 கிட்ட வரும். வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா பக்கம் ஒரு கணக்கு, ஊவாப் பக்கம் வெயில் அடிக்கிற பண்டாரவளை, வெலிமடைக்கு வேற கணக்கு.

## வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுலயே பாக்குற சோதனை

கடையில ஒரு ஒடஞ்ச துண்டு கேளுங்க, தர மாட்டேன்னு சொன்னா அந்த கடையே வேணாம். பாலிஷ் பண்ண மேல்பக்கத்த வச்சு எதையும் சொல்ல முடியாது, புதுசா ஒடஞ்ச பக்கம்தான் வேணும்.

அந்த பக்கத்த வெளிச்சத்துல புடிச்சு, போன் கேமராவுல கிட்ட வச்சு பெருசாக்கி பாருங்க, இரத்தினபுரி பக்கம் மாணிக்கக் கல்லு வியாபாரிங்க வச்சிருக்கற லென்ஸ் கெடைச்சா இன்னும் நல்லது. மணற்கல்லுல ஒடைசல் மணிய சுத்தி போயிருக்கும், மணி மணியா முட்டிக்கிட்டு நிக்கும், நடுவுல சின்ன சின்ன ஓட்டை தெரியும், வெரல வச்சு தேச்சா ஒன்னு ரெண்டு மணலாவது ஒட்டும். குவார்ட்சைட்டுல ஒடைசல் மணிய நடுவுல வெட்டிக்கிட்டு போயிருக்கும், மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓரம் கைய கிழிக்கும். கருங்கல்லுல மணியே இல்ல, ஒன்னுக்குள்ள ஒன்னு கோத்துக்கிட்ட பளிங்குங்க, கருப்பு வெள்ள வரி, அங்கங்க செவப்பா கார்னட். வரி இருக்குன்னு உடனே மணற்கல் படுகைன்னு நெனச்சுராதீங்க. மணற்கல் வரியில மணல் அளவோ கலரோ மாறும், கருங்கல் வரியில கனிமமே மாறும், ஒரு வரி முழுக்க கருப்பு மைக்கா, அடுத்தது வெள்ள பெல்ட்ஸ்பார்.

ஆணியால கீறி பாக்குறது எல்லாரும் சொல்ற சோதனை, அதுல ஒரு சிக்கல் இருக்கு. மணற்கல்ல ஆணியால கீறுனா கோடு விழும், அதுனால மெதுவான கல்லுன்னு நெனப்போம், ஆனா அங்க மணி கீறுபடல, பேந்து வந்திருக்கு, ஆணி மொனைய பாருங்க அதுதான் தேஞ்சிருக்கும். கோடு விழுந்த எடத்துல வெள்ள மாவு மட்டும் வந்து மணல் நெருநெருப்பே இல்லன்னா அது மணற்கல்லே இல்ல, சலவைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ. இந்தியாவுல இருந்து வர்ற கோட்டா கல்லு, கடப்பா கல்லு ரெண்டும் சுண்ணாம்புக்கல்தான், பலகையா பாக்குறப்ப மணற்கல்லோட மாறிப்போகும்.

அத உறுதி பண்ண தேசிக்காய் போதும். துண்டுல கொஞ்சம் சுரண்டி மாவாக்கி அது மேல ரெண்டு சொட்டு புழிஞ்சு காது கிட்ட வச்சு கேளுங்க, கல்சைட் இருந்தா மெதுவா பொரியும். டொலமைட்டு, அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கனிமம், அவ்ளோ சீக்கிரம் பொரியாது, மாவுலயும் ரொம்ப மெதுவாத்தான். தேயிலைக்கு கவ்வாத்து வெட்டுன பொறகு மூட்டை மூட்டையா போடுற அந்த டொலமைட்டு மாத்தளை, திகன பக்கத்து சலவைக்கல்ல அரைச்சதுதான், வெள்ளையா மின்னுதேன்னு அந்த கல்லையே குவார்ட்சைட்டுன்னு விக்கிறவங்களும் இருக்காங்க, ஆணி கோடு போட்டுச்சுன்னா குவார்ட்சைட் இல்ல. மழை தண்ணிக்கு கரையுற கல்லு அது, பலாங்கொட பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டுன நாள்ல இருந்து கசியறதுக்கு அடியில இருக்கற இந்த ஜாதி பாறையில உண்டான ஓட்டைங்கதான் காரணம்.

கடைசியா, என்னயக் கேட்டா முக்கியமானது, தண்ணி சோதனை. துண்ட அடுப்படி சூட்டுல ரெண்டு மூணு நாள் நல்லா காய வச்சு சமையல் தராசுல நிறுங்க. ஒரு முழு நாள் தண்ணியில போடுங்க, எடுத்து துணியால மேல துடைச்சிட்டு மறுபடி நிறுங்க. காஞ்சப்ப 500 கிராம், நனைஞ்சப்ப 530 கிராம்னா 30 கிராம் குடிச்சிருக்கு, நூத்துக்கு 6. கட்டடக் கல்லுக்கு அமெரிக்காவோட ஏ.எஸ்.டி.எம். தரத்துல மணற்கல்லுக்கு 8 வீதம் வரைக்கும் விடுறாங்க, கெட்டியான குவார்ட்சைட் ரக மணற்கல்லுக்கு 3, குவார்ட்சைட்டுக்கு 1, கிரனைட்டுக்கு 0.4. மலையில வெளிய போடுறதுக்கு நான் 3க்கு மேல போன துண்ட தொட மாட்டேன், ஊவாப் பக்கம்னா கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம்.

## இறக்குமதி மணற்கல்

நல்லத மொதல்ல சொல்றேன். வெட்டுறது லேசு, தட்டையா பலகையா வருது, இயற்கையா பொளந்த மேல்பக்கம் சொரசொரன்னு இருக்கறதால புதுசுல கால் வழுக்காது, வெயில்ல கருங்கல்லு மாதிரி கொதிக்காது, அந்த மஞ்சளும் காவியும் வேற எந்த கல்லுக்கும் வராது. கூரைக்கு கீழ இருக்கற இஸ்தோப்பு சுவரு, ஹோலுல ஒரு பக்க சுவரு, சாமி மாடத்துக்கு பின்னாடி, இங்கெல்லாம் மணற்கல் போட்டா வீட்டுக்கே ஒரு களை வரும்.

இனி மறைஞ்சு நிக்கிற செலவு. ஒரு இஞ்சி மொத்த பலகை சதுர அடிக்கு 5 கிலோவுக்கு மேல வரும், 100 சதுர அடி அரை டொன்ன தாண்டும். கொழும்புல இருந்து லொறி ஹட்டன் வரைக்கும் வந்துரும், அதுக்கப்பறம் தோட்ட ரோட்டுல ஏறுமா, ரோட்டுல இருந்து வீட்டுக்கு படி இறங்கணும்னா தலைச்சுமை ஆளுக்கு எவ்ளோ, வளைவுல குலுங்கி ஒடையுறது எவ்ளோ, இத கடையில யாரும் பில்லுல போட மாட்டாங்க. வெட்டுறதுல சேதம் ஆகறதுக்கு பத்துல ஒரு பங்கு சேத்து வாங்கணும், ஒடஞ்சா மாத்த இன்னும் ஒரு பெட்டி எடுத்து வைக்கணும், ஏன்னா அடுத்த வருஷம் வர்ற சரக்கு அதே குவாரி அதே படுகையில இருந்து வராது, கலர் மாறிரும்.

அப்பறம் சீலர், அதாவது கல்லுக்குள்ள தண்ணி ஏறாம இருக்க பூசுற மருந்து. மேல படலம் மாதிரி பூசுற மினுமினுப்பு சீலர் வேணாம், அடியில இருந்து ஏறுற ஈரம் வெளிய போக வழியில்லாம படலத்தோட சேத்து கல்லோட தோலையும் உரிச்சிரும். உள்ள ஊறி ஆவிய விடுற ரகம் வாங்கணும், அதுவும் ஒரு தடவையோட முடியாது, டப்பாவுல போட்டிருக்கற கணக்குக்கு திரும்ப திரும்ப பூசணும். சீமெந்து சாந்துல இருந்து உப்பு ஊறி வந்து மேல வெள்ளையா பூக்குறதும் மணற்கல்லுலதான் ஜாஸ்தி, பூத்தா காஞ்ச பிரசால தேச்சு எடுக்கணும், பயந்து போய் பாத்ரூம் அசிட்ட ஊத்துனா கல்சைட் பசை இருக்கற கல்லு அங்கயே உதிர ஆரம்பிக்கும், இரும்பு இருக்கற கல்லு துரு கறையா மாறும்.

மணற்கல்லும் ஈரமும் ஒத்து வராதுங்கறது புதுசா கண்டுபுடிச்ச விஷயம் இல்ல. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் 700ஆம் ஆண்டு வாக்குல பல்லவர் கட்டுனது, செதுக்குறதுக்கு லேசுன்னு மேல பூராவும் மணற்கல், ஆனா அடித்தளத்துக்கு கருங்கல். தரையில இருந்து ஈரம் ஏறும், அத கருங்கல்லு தடுக்கும்னு அந்த காலத்து ஸ்தபதிக்கு தெரிஞ்சிருக்கணும்னுதான் எனக்கு தோணுது. இருந்தும் மேல இருக்கற மணற்கல் சிற்பம் நெறைய அரிச்சு போயிருக்கு. பொகவந்தலாவ அக்காவுக்கு நான் சொன்னதும் அதேதான், படிக்கு கருங்கல்ல போடுங்க, இஸ்தோப்பு சுவருல தரையில இருந்து ஒரு அடி விட்டு அதுக்கு மேல மணற்கல்ல ஒட்டுங்க.

## குவார்ட்சைட்

பண்டாரவளை தம்பிக்கு: மணற்கல் வெந்தா குவார்ட்சைட், பழைய மணிக்கும் பசைக்கும் எட வெளியே இல்லாம ஒரே கட்டியா ஆயிருக்கும், அதான் தண்ணி குடிக்காது. வெளி தரைக்கு இந்த நாலுல மணற்கல்லோட அழகும் கருங்கல்லோட உறுதியும் சேந்து வர்றது இதுதான், மைக்கா வரி இருக்கற ரகம் பலகையா பொளக்கும், மின்னும். கெட்டது என்னன்னா வெட்டுறது பெரிய பாடு, கிரைண்டர் பிளேட்டு சீக்கிரம் தேயும், பாஸ் கூலி ஏறும், ஓரம் கூர்மையா நிக்கும், சின்னப்புள்ளைங்க ஓடுற வீட்டுல படி மொனைய கட்டாயம் தேச்சு மழுக்கணும். கெட்டி மணற்கல்லையே குவார்ட்சைட்டுன்னு பேர் மாத்தி விக்கிறதும் நடக்குது, அதுக்குத்தான் தராசு சோதனை, 1 வீதத்துக்கு மேல குடிச்சா குவார்ட்சைட்டு வெல குடுக்காதீங்க.

உள்ளூர்லயும் குவார்ட்சைட் வரிசை மலைநாட்டுல அங்கங்க ஓடுது, ஆனா வெடிப்பு ஜாஸ்தி, படிக்கு தேவையான நீள பலகை அதுல எடுக்குறது கஷ்டம்.

## உள்ளூர் கருங்கல்

அம்மிய ஏன் கருங்கல்லுல கொத்துறாங்க, சாண ஏன் மணற்கல்லுல செஞ்சாங்கன்னு யோசிச்சா இந்த ஒப்பீடு பூரா அதுக்குள்ள அடங்கிரும். மணற்கல்லுல தேய்க்க தேய்க்க மேல்மணி கழண்டு புது மணி மொனையா வெளிய வரும், கத்தி தீட்ட அதுதான் வேணும், அதுனால பல நாட்டுலயும் பழைய சாண சக்கரம் மணற்கல்லுல செஞ்சது. அதே கல்லுல அம்மி செஞ்சா சம்பல்ல மணல் கடிக்கும். கருங்கல்லுல பளிங்குங்க ஒன்னோட ஒன்னு கோத்துக்கிட்டு நிக்கறதால கழண்டு வராது, தேயத்தான் செய்யும், அதுக்கு ஒரு தலைமுறை ஆகும், வழுவழுன்னு ஆன அம்மிய கொத்தி குடுக்க ஆள் வர்றது அதுக்குத்தான். பழைய லயத்து வாசப்படி கருங்கல்ல பாத்தா தெரியும், நடுவுல கால் படுற எடம் குழிஞ்சு மினுங்கும், ரெண்டு ஓரத்துலயும் உளி கொத்துன தழும்பு இன்னும் அப்பிடியே இருக்கும்.

நம்ம கருங்கல்லுல பாதிக்கு மேல சார்னோக்கைட்டும், நைஸுன்னு சொல்ற வரி போட்ட கல்லும்தான், சென்னை பல்லாவரத்து மலையும் இதே சார்னோக்கைட்டு ஜாதி. தண்ணி குடிக்கிறது மிச்சம் கொறவு, அசிட்டுக்கு அசையாது, பாசி புடிச்சாலும் மேலோட போயிரும், தேங்கா மட்டையும் தண்ணியும் போதும்.

இதுல செலவு கல்லுல இல்ல, கொத்துறதுல. குவாரியில ரபிள், அதாவது ஒடச்ச முரட்டுக் கல்லு, கியூப் கணக்குல வாங்கலாம், ஒரு கியூப் 100 கன அடி, 4 டொன்னுக்கு மேல எட வரும், ஆனா படிக்கு தட்டையா கொத்தி எடுக்குற ஆளுங்க இப்ப கொறஞ்சிட்டாங்க, கூலிய மொதல்லயே பேசிக்கங்க, அடி கணக்கா நாள் கணக்கான்னு. மெஷினுல அறுத்து பாலிஷ் போட்ட கருங்கல்ல வெளிப்படிக்கு போடவே கூடாது, மழையில கால் நிக்காது. கருப்பு மைக்கா வரி தடிப்பா ஓடுற கல்லையும் தள்ளி வச்சிருங்க, மொதல்ல இத்துப்போறது அந்த வரிதான்.

ஆத்தோரத்துலயும் மண்சரிவு மேட்டுலயும் கல்லு பேத்து எடுக்குறது வேணாம். கல்லு ஒடைக்க புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்து அனுமதி வேணும்ங்கறது ஒரு பக்கம், மேட்டுக்கு முட்டுக்குடுத்து நிக்கிற கல்ல உருவுனா அடுத்த பெருமழைக்கு மேல் வீட்டுக்காரங்க மண்ணு உங்க வாசல்ல நிக்கும்ங்கறது இன்னொரு பக்கம்.

## சீமெந்துல மணற்கல் அச்சு

வெல கொறவு, ஒரே அளவு, பதிக்க லேசு, ஒடஞ்சா அடுத்த நாளே மாத்தலாம். கலர் மேல்தோலுல மட்டும் இருந்துச்சுன்னா தேஞ்ச எடத்துல சாம்பல் கலர் சீமெந்து எட்டிப் பாக்கும், அதுனால ஒன்ன ஒடச்சு உள்ள வரைக்கும் கலர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. இதுக்கும் அசிட்டு ஆகாது. வாடகைக்கு விடுற அறை, சாமான் ஏத்தி இறக்குற வாசல், ஆட்டோ நிறுத்துற எடம், இதுக்கெல்லாம் இது போதும்.

## பக்கத்துல பக்கத்துல வச்சு

| | மணற்கல் | குவார்ட்சைட் | உள்ளூர் கருங்கல் | சீமெந்து பலகை |
|---|---|---|---|---|
| தண்ணி குடிக்கிறது | ஜாஸ்தி, துண்டுக்கு துண்டு மாறும் | 1 வீதத்துக்குள்ள | ரொம்ப கொறவு | அச்சு போட்டவங்க கைப்பக்குவம் |
| பாசி, வழுக்கல் | புதுசுல நல்லது, பாசி புடிச்சா மோசம் | பொளந்த பக்கம் நல்லது | கொத்துனது நல்லது, பாலிஷ் ஆபத்து | நடுத்தரம் |
| அசிட்டு | பசைய பொறுத்தது | தாங்கும் | தாங்கும் | தாங்காது |
| வெட்டுறது | லேசு | கஷ்டம் | கஷ்டம், கூலி ஜாஸ்தி | லேசு |
| மறைஞ்சு நிக்கிற செலவு | லொறி, சேதம், சீலர் | பிளேட்டு, கூலி | கொத்துக் கூலி, சுமை | கலர் தேய்வு |
| எங்க போடலாம் | கூரைக்கு கீழ, சுவரு | வெளி தரை, முற்றம் | படி, அணை சுவரு, அடித்தளம் | வண்டி நிக்கிற எடம் |

## வட்டவளை, பண்டாரவளை, நுவரெலியா

மழைப் பக்கம், அதாவது வட்டவளை, ஹட்டன், பொகவந்தலாவ, வெளிப்படிக்கு கருங்கல்ல தவிர வேற யோசிக்க வேணாம், காசு கொஞ்சம் கூட இருந்தா மேல் தட்டுக்கு மட்டும் குவார்ட்சைட். நுவரெலியாவுல பனி உறையுதே கல்லு வெடிக்குமான்னு கேக்குறவங்க உண்டு, தை மாசம் புல்லு மேல வெள்ளையா உறையுறது விடிஞ்சா கரைஞ்சிரும், ஐரோப்பா மாதிரி மாசக்கணக்கா கல்லுக்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிக்கிற கதை இங்க இல்ல, இங்க கல்லக் கெடுக்குறது காயவே விடாத மூடுபனியும் பாசியும்தான். பண்டாரவளை தம்பிக்கு முற்றத்துல வெயில் நல்லா விழுதுன்னா 3 வீதத்துக்குள்ள நிக்கிற சிலிக்கா பசை மணற்கல் தாராளமா போடலாம், மரத்து நெழல்ல இருக்கற பக்கத்துக்கு மட்டும் குவார்ட்சைட்ட வாங்கிக்கங்க.

எந்த கல்லா இருந்தாலும் பதிக்கும்போது சொல்ல வேண்டியது ரெண்டு இருக்கு. தண்ணி வடியுற மாதிரி சரிவு வச்சு, அடியில மெட்டல், அதாவது ஒடச்ச சல்லிக் கல்லு பரப்பி அது மேல பதிக்க சொல்லுங்க, மணற்கல்லுன்னா படுகை எப்பிடி படுத்திருந்துச்சோ அப்பிடியே படுக்க வச்சு போடணும், படிக்கு முன்பக்கமா நிமித்தி ஒட்டுனா தாள் தாளா பேந்துரும். ரெண்டாவது, வெட்டுற தூசி. நாலு கல்லுலயும் குவார்ட்ஸ் இருக்கு, சீமெந்து பலகையிலயும் மணல்தானே, அந்த நைஸ் தூசி நுரையீரல்ல தங்குனா சிலிக்கோசிஸ், ராஜஸ்தான்ல மணற்கல் வெட்டுற தொழிலாளிங்க அதுல அடுக்கடுக்கா விழுந்திருக்காங்க. கிரைண்டர் ஓடுற நேரம் பூரா பிளேட்டு மேல தண்ணி ஊத்த ஒரு ஆள போடுங்க, பாசுக்கு தூசி மாஸ்க் வாங்கி குடுத்துருங்க, வாயில துண்டு கட்டுனா அந்த தூசி நிக்காது, புள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க.